சும்மா விட்டால் காடு வராது: இராமநாதபுரம் கடற்கரையில் தோட்டத்தின் ஒரு பகுதியை உயிர்களுக்கு விடும் முறை

தோட்டத்தில் ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற அறிவுரை மழை வளமுள்ள ஊர்களுக்குச் சரி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் கரைக்கு அது உதவாது. ஆதாரம் வேண்டுமென்றால், பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் பூட்டிக் கிடக்கும் மனைகளைப் பாருங்கள். சில மழைக்காலம் போவதற்குள் சுற்றுச்சுவருக்கு மேல் சீமைக்கருவேலம், சுருக்கமாகக் கருவை, தலை தூக்கிவிடுகிறது. அதன் அடியில் புல் தேறுவதில்லை. எஞ்சிய செடிகளை ஆடு கடித்துவிடுகிறது. ஆடு தின்ற கருவை நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து மறுபடி முளைக்கிறது. கடைசியில் அங்கே இருப்பது ஒரே மரம், ஒரே முள்.

ஆகவே இங்கே தோட்டத்தை விடுவதும் ஒரு வேலைதான். கருவையை வெளியே வைக்க வேண்டும், ஆட்டை வெளியே வைக்க வேண்டும், வீட்டைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கும் எல்லையை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்துவிட்டால் மீதியை மண்ணில் கிடக்கும் விதையும் பறவை எச்சமும் பார்த்துக்கொள்ளும். அரை ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளவருக்கும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் மட்டும் உள்ளவருக்கும் வேலையின் வரிசை ஒன்றுதான். அளவு மட்டும் மாறும்.

1. இடத்தைத் தேர்வது

அவசரப்பட வேண்டாம். ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சித்திரை வெயிலில் எங்கே உவர் பூக்கிறது, ஐப்பசி மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது, ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எந்தப் பக்கத்துச் செடிகளைக் காய வைக்கிறது, மார்கழி வாடையில் எந்தப் பக்கத்து இலைகளில் உப்பு படிகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி இருப்பது நல்லது. கிணறு, மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, பிள்ளைகள் விளையாடும் இடம், தினமும் நடக்கும் தடம் ஆகியவற்றை ஒட்டி வேண்டாம். மனை சிறியது என்றால் கடைசி வேலியை ஒட்டி ஐந்தாறு அடி அகலப் பட்டையாக விடலாம். தோட்டத்தின் நடுவில் தனித்தீவாக விடுவதைவிட, பக்கத்துப் பனங்கூட்டத்தையோ ஓடைக்கரையையோ ஊருணிக் கரையையோ தொட்டுக்கொண்டு இருப்பது பல மடங்கு மேல். கீரியும் அரணையும் கௌதாரியும் திறந்த மணலைக் கடந்து வரத் தயங்கும். புதர் தொடர்ந்து இருந்தால் தானாகவே உள்ளே வரும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். பாம்பன், மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் வெண்மணல். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கழிமுகங்களை ஒட்டி உவர்க்களி. சாயல்குடிப் பக்கம் சில இடங்களில் சிவந்த தேரி மணல். கீழே சொல்லும் செடிகள் எல்லாம் எல்லா மண்ணிலும் வராது. உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு மைல் தூரத்தில் தானாக நிற்கும் செடிதான் உங்கள் மண்ணுக்கான செடி. பழைய ஐயனார் கோயில் தோப்பு ஒன்று அருகில் இருந்தால் அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

2. கருவையை எடுப்பது

எதை எடுக்கிறோம் என்று முதலில் தெளிவாகத் தெரிய வேண்டும். கருவேலம் என்ற பெயரில் நல்ல மரங்களும் வெட்டுப்படுகின்றன. சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தில் விரல் நீளக் கதிராக இருக்கும். நெற்று மஞ்சளாகவும் சதைப்பற்றோடும் இருக்கும். நாட்டுக்கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் உருண்டை. நெற்று மணிமணியாக இடை சிறுத்துச் சாம்பல் நிறத்தில் தொங்கும். உடைமரம் என்கிற குடைவேல் பெயருக்கேற்பத் தட்டையாக விரிந்து நிற்கும். அதன் முள் நீளமானது, வெண்மையானது. வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும். பின்சொன்ன மூன்றும் இந்த மண்ணின் மரங்கள். கடலோரத்து வறண்ட மணலில் குடைவேல் ஒன்று உங்கள் மனையில் நிற்குமானால் அதைச் சுற்றியே உங்கள் காட்டைத் தொடங்கலாம்.

சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது; பின்னர் விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டது. அந்நியச் செடிகளை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனாலும் நம் மாவட்டத்தில் இதை வில்லனாக மட்டும் பேசுவது நேர்மையல்ல. வானம் பொய்த்த ஆண்டுகளில் இந்த மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் பல குடும்பங்கள் அடுப்பு எரித்தன. உங்கள் தோட்டத்தில் அது வேண்டாம் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

வெட்டினால் போகாத மரம் அது. தரையை ஒட்டிய வேர்முடியில் துளிர் விடும் கண்கள் இருப்பதால், மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகக் கிளைத்து வரும். கரி போடுபவர்கள் வெட்டிக்கொண்டு போகக் காசு கேட்காமல் வருவார்கள். ஆனால் அவர்களுக்கு அது மறுபடி துளிர்ப்பதில்தான் லாபம். சில ஆண்டு கழித்து மறுவெட்டு கிடைக்குமே. அதனால் அடிவேரையும் தோண்டி எடுக்க வேண்டும் என்று முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்திலிருந்து ஓர் அடி ஆழம் வரை வேர்முடி முழுவதும் வெளியே வர வேண்டும். ஆவணியில் மரத்தை வெட்டிவிட்டு, முதல் மழையில் மண் இளகியதும் அடியைத் தோண்டினால் கூலி குறையும். ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தெடுக்க ஆசை வரும். அது கருவையோடு சேர்த்துச் சங்கஞ்செடியையும் இலந்தையையும் புரட்டிப் போட்டுவிட்டு, மேல்மண்ணையும் கலைத்துவிடும். கலைந்த மண்ணில் முதலில் முளைப்பது மறுபடி கருவைதான்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டாம். வேறு நிழல் இல்லாத இடத்தில் தவிட்டுக்குருவிக்கும் கரிச்சானுக்கும் கொக்குக்கும் இப்போது அதுதான் வீடு. மூன்றில் ஒரு பங்காக எடுத்து, அந்த இடத்தில் மாற்றுச் செடி ஆள் உயரம் வந்தபின் அடுத்த பங்குக்குப் போங்கள். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கருவை நாற்று வந்துகொண்டே இருக்கும். ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். தைக்கு மேல் மண் இறுகிவிட்டால் மண்வெட்டி வேண்டும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களிலேயே இதையும் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடுவது நல்ல வழக்கம்.

வெட்டிய முள்ளை எரிக்காதீர்கள். நெற்றுகளை மட்டும் உதிர்த்து அப்புறப்படுத்திவிட்டு, முள்ளை அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆட்டுக்கு வேலி

வேலி இல்லாமல் நடுவது ஆட்டுக்கு விருந்து வைப்பது. ஆடு வளர்ப்பவர் உங்கள் சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருப்பார், சண்டையும் போட முடியாது. வெட்டிய கருவை முள்ளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கினால் அதுவே முதல் இரண்டு ஆண்டுக்கான வேலி. முள் மட்கி விழும் காலத்துக்குள் உயிர்வேலி எழுந்துவிட வேண்டும். அதற்கு முட்கிளுவை நல்லது. கட்டைவிரல் பருமன் உள்ள போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, மழை தொடங்கும் வேளையில் ஒரு முழ இடைவெளியில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். பூவரசம்போத்தும் அப்படியே வரும். இடையிடையே பனை மட்டை நட்டுக் கட்டலாம். திருகுகள்ளியும் வேலியாக வரும். அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வேலியின் அடியில் இரண்டு மூன்று இடங்களில் ஒரு சாண் அகல இடைவெளி விடுங்கள். கீரியும் உடும்பும் போய்வரும் வழி அது. சிமென்ட் சுவர் எழுப்பியிருந்தால் தண்ணீர் வெளியேற விட்ட துளைகளை அடைக்காமல் வைத்திருங்கள்.

4. முற்றமும் பாம்பும்

"புதர் வைத்தால் பாம்பு வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். வரும். மணலும் முள்ளுமான இந்தக் கரையில் சுருட்டை விரியன் உண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியனும் உண்டு. அவர்கள் சொல்வதற்குச் சரியான பதில், வீட்டைச் சுற்றி வெறும் மணலாகப் பெருக்கி வைக்கும் நம் முற்றம்தான். தினமும் பெருக்கிய மணலில் இரவு ஊர்ந்து போனதன் தடம் காலையில் தெரியும். முற்றத்தை இன்னும் அகலமாக்குங்கள். வீட்டுக்கும் விடப்பட்ட பகுதிக்கும் இடையே முப்பது அடியும் புல்லில்லாமல், பொருளில்லாமல் இருக்கட்டும்.

பாம்பு வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். எலி வருவது சிந்திய தானியத்துக்கும் சுவரோரம் அடுக்கிய விறகுக்கும். விறகு, தென்னங்கீற்று, பழைய ஓடு, செங்கல் எல்லாவற்றையும் சுவரிலிருந்து அப்புறப்படுத்தி, விடப்பட்ட பகுதியின் எல்லையில் அடுக்குங்கள். அங்கே அது அரணைக்கும் தேரைக்கும் நல்ல வீடாகும். இரவில் வெளியே போகும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கட்டுவிரியன் தரையில் படுத்து உறங்குபவர்களை இரவில் கடிப்பது உண்டு. கட்டிலும், மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் பெரிய காப்பு.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேலே சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துத்தான் நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. எந்தப் பாம்பு என்று காட்டுவதற்காக அதை அடித்து எடுத்துப்போக வேண்டிய தேவை இல்லை.

5. விதையும் நடவும்

நம் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. முழு ஆண்டுக்கும் அந்த மூன்று மாத ஈரம்தான் மூலதனம். புரட்டாசி கடைசியில் விதை மண்ணில் இருக்க வேண்டும். போத்தும் கன்றும் ஐப்பசி முதல் இரண்டு மழைக்குள் நடப்பட வேண்டும். கார்த்திகைக்குப் பின் நட்டால் வேர் ஆழம் போகும் முன் ஈரம் போய்விடும். அப்புறம் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஊற்றுவீர்கள். பாம்பன் தீவு போன்ற மணற்பாங்கான இடங்களில் மழைநீர்தான் மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதை அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரிக்கத் தொடங்கும். காட்டுச்செடிக்காகக் குடிநீரைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

தொடக்கத்தில் எதையும் நடாமல் ஒரு மழைக்காலம் விட்டுப் பார்க்கவும் செய்யலாம். ஆடு நுழையாத மண்ணில் தும்பை, மூக்கிரட்டை, கொழுஞ்சி, நாயுருவி, நெருஞ்சி, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை என்று கேட்காமலேயே வருபவை நிறைய. வெட்டுக்காயப் பூண்டும் வரும். அது அந்நியச் செடிதான், ஆனால் சிறு வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன் கொடுக்கிறது, யாரையும் அமுக்குவதில்லை. நான் அதை விட்டுவிடச் சொல்வேன். பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் தலை காட்டினால் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். சிலருக்கு அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும்.

நடுவதாக இருந்தால் கச்சான் வீசும் தென்மேற்குப் பக்கத்தில் முதலில் காற்றுத்தடுப்பு வேண்டும். குடைவேல், உகா, நொச்சி, பூவரசு இதற்கு உதவும். உகா உப்பையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும். கீழக்கரைப் பக்கம் மிஸ்வாக் என்னும் பல் துலக்கும் குச்சிக்காக அறியப்பட்ட மரம்தான். அதன் கீழ் அடுக்கில் சங்கஞ்செடி, இலந்தை, சூரை, காரை, விழுதி, ஆதொண்டை போன்ற முள்ளும் பழமுமான புதர்கள் வரட்டும். வெளி ஓரத்தில் ஆவாரை, எருக்கு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு.

இதில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனி வாடிக்கையாளர் உண்டு. எருக்கிலும் வேலிப்பருத்தியிலும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். ஆவாரையில் மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். உகாவையும் சங்கஞ்செடியையும் தேடி வரும் இளஞ்செம்மை நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று, வறண்ட நிலங்களில் வாழ்வது. விழுதியில் வளரும் புழு, சிறகின் நுனி சிவந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். கறுத்த சிறகும் சிவந்த உடலுமாக இராமேசுவரத்தில் சில பருவங்களில் கூட்டமாகத் தென்படும் வண்ணத்துப்பூச்சி, ஆடுதீண்டாப்பாளையில் முட்டையிடுவது. அந்தச் செடி சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சுள்ளது. மருந்தென்று யாரும் வாயில் வைக்க வேண்டாம். இலையைப் புழு தின்கிறதே என்று மருந்தடிப்பவர் வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்கக் கூடாது. இலையில் ஓட்டை விழுவதுதான் இந்தத் தோட்டம் வேலை செய்கிறது என்பதற்கு முதல் அடையாளம்.

விதை சேகரிக்க மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். கோயில் தோப்பில் எடுப்பதாக இருந்தால் பூசாரியிடம் கேட்டுவிட்டு, விழுந்து கிடப்பதில் கொஞ்சம் மட்டும் எடுங்கள். ஆவாரை, வேல் வகை விதைகளின் தோல் கடினமானது; கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால் முளைப்பு கூடும். வேம்பு, உகா விதைகளைச் சதை நீக்கி உடனே விதைக்க வேண்டும்; பரணில் போட்டு வைத்தால் உயிர் போய்விடும். இலந்தை, கோவை, சூரை போன்றவற்றுக்கு விதையே தேட வேண்டாம். நாலைந்து உயரமான காய்ந்த கொம்புகளை ஊன்றி வையுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் வந்து உட்கார்ந்து எச்சமிடும் இடத்தில் அவையே முளைக்கும்.

முழுப் பரப்பையும் செடியால் மூடிவிடாதீர்கள். வெயில் படும் வெறும் மணல் திட்டு ஒன்று இருக்கட்டும். தரையில் வளை தோண்டும் தனித்தேனீக்களும், தொண்டையை விசிறிபோல் விரிக்கும் சிறு ஓணானும் புழங்குவது அங்கேதான். ஆட்காட்டி முட்டையிடுவதும் அப்படிப்பட்ட திறந்த தரையில்தான்.

6. பனையைச் சிரைக்காமல் விடுவது

உங்கள் மனையில் ஒரு பனை நின்றால் பாதிக் காடு ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் காவோலையைக் கழித்து மொட்டையாக்கும் வழக்கத்தை ஒன்றிரண்டு மரத்துக்காவது நிறுத்துங்கள். தொங்கும் காவோலைகளுக்கு உள்ளே வௌவாலும் அணிலும் மரநாயும் பகலைக் கழிக்கும். பனை உழவாரன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுவது ஓலையின் அடிப்பக்கத்தில். தூக்கணாங்குருவிக்குத் தொங்கவிட ஓலை நுனியும், பின்னுவதற்கு நீளமான புல்லும் ஓலை நாரும் வேண்டும். விடப்பட்ட பகுதியில் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். காவோலை தரையில் விழும்போது கீழே யாரும் நிற்காத இடமாக இருக்க வேண்டும், நெருப்பும் அண்டக் கூடாது. இந்த இரண்டை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்போன, தலை முறிந்த பனையைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும். வீட்டின் மீதோ பாதையின் மீதோ சாயாத இடத்தில் நின்றால் நிற்க விடுங்கள். மரங்கொத்தி போடும் பொந்தில் பின்னால் பச்சைக்கிளி குடியேறும், பனங்காடை குடியேறும், புள்ளி ஆந்தையும் குடியேறும். தச்சுவண்டு காய்ந்த மட்டையைத் துளைத்து உள்ளே முட்டையிடும். உயிருள்ள பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிதாக வைக்க, ஆவணி புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டையை நேராக மண்ணில் புதைத்தால் போதும். மரமாக எழப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். அதனால் என்ன, நம் தாத்தாக்கள் நட்டதைத்தானே நாம் இறக்குகிறோம்.

7. தண்ணீர்

சித்திரை வைகாசியில் ஒரு மண்தட்டுத் தண்ணீர் செய்யும் வேலையை எந்தச் செடியும் செய்யாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். தேனீ மூழ்காமல் நிற்க ஒரு கல்லைப் போடுங்கள். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து ஆறடி தள்ளி, ஆனால் பறவை தப்பி ஓடக் கிளை எட்டும் தூரத்தில் வையுங்கள். தரையில் ஒன்றும் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு இருந்தால் கௌதாரிக்கும் ஆகும், தேன்சிட்டுக்கும் ஆகும்.

குளம் வெட்டும் ஆசையை இந்தக் கரையில் அடக்கிக்கொள்வது நல்லது. பாம்பன் தீவு மலேரியாவுக்குப் பேர்போனதாக இருந்தது. சவுக்குத் தோப்புகளில் நீருக்காகத் தோண்டிய மணற்குழிகள் கொசு பெருகும் இடங்களாக இருந்தன. டெங்குக் கொசுவோ வீட்டுப் பாத்திரத்து நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். அந்த முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் இரு முறையாவது தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தானாகத் தேங்கும் நீரில் தவளைக்குஞ்சும் தட்டான் புழுவும் இருந்தால் அவையே கொசுப்புழுவைத் தின்னும், இல்லையென்றால் வடித்துவிடுங்கள். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விட்டால் அது தவளைக்குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

8. ஆண்டுக்கு ஒரு வெட்டு

புல் விதை உதிர்ந்தபின், பங்குனி வாக்கில், பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அரிவாளால் ஒரு சாண் உயரம் விட்டு அறுங்கள். அடுத்த ஆண்டு அடுத்த பங்கு. மீதி நிற்கும் காய்ந்த புல்லில் சில்லைக் குருவிகளுக்கு விதை இருக்கும், பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் இருக்கும். அறுக்கும் முன் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் கௌதாரியும் முயலும் பாம்பும் விலக வழி கிடைக்கும். அறுத்த புல்லை அங்கேயே ஒரு மூலையில் குவியுங்கள். குப்பைக்குத் தீ வைக்கும் பழக்கம் இந்தப் பகுதிக்குள் கூடவே கூடாது. கோடை முழுவதும் வேலியின் உள்பக்கம் ஐந்தடி அகலத்துக்குச் செத்தை இல்லாமல் வைத்திருந்தால், சாலையோரம் யாரோ எறிந்த பீடி நெருப்பு உள்ளே வராது.

9. தென்னை வைத்திருப்பவர்களுக்கு

2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர் தென்னை உள்ள ஊர்களெல்லாம் பரவியது. ஓலை கறுத்துப் போனதும் கையில் கிடைத்த பூச்சிமருந்தை அடிப்பதுதான் பலருடைய முதல் வேலை. அந்த மருந்து, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற மிகச்சிறு குளவியையும் சேர்த்துக் கொல்கிறது. வேளாண்மைத் துறை சொல்லும் வழி மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடியில் விசையோடு தண்ணீர் பீய்ச்சுவது, ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பது. மருந்து படாத, தும்பையும் கொழுஞ்சியும் பூத்த ஒரு பட்டை தோப்பின் ஓரத்தில் இருந்தால் இப்படிப்பட்ட சிறு குளவிகளுக்கும் பச்சைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சிக்கும் உணவும் ஒதுங்கிடமும் கிடைக்கும். பக்கத்து வயலில் முண்டு மிளகாய்க்கு மருந்தடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் உயிர்வேலியை அடர்த்தியாக்கினால் சாரல் கொஞ்சம் குறையும்.

10. கடலைப் பார்த்த மனை

மணல்மேடு உங்கள் வேலிக்குள் இருந்தால் அதைச் சமன் செய்ய வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி மணல்மேடுகள் மிகுந்த பாதுகாப்புக்குரியவை. சட்டத்தை விடுங்கள், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று பார்த்த கரையில் மணல்மேட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதன்மேல் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படரட்டும். இரண்டும் மணலைப் பிடித்துவைக்கும். தாழையை மேட்டின் உள்பக்கம் வையுங்கள். நடக்க ஒரே ஒரு தடம் மட்டும், அதுவும் காற்றுக்கு நேராக இல்லாமல் சற்று வளைத்து.

தை முதல் சித்திரை வரை கடல்பக்கம் பார்க்கும் விளக்குகளை அணைத்துவிடுங்கள். தனுஷ்கோடி, முகுந்தராயர் சத்திரம் கரைகளில் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிடுகின்றன. வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி ஊர்ப்பக்கம் நகர்ந்துவிடும்.

11. பிறகு

அக்கம்பக்கத்தாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எல்லையில் ஒரு வரிசைக் கல், உள்ளே போக ஒரு சுத்தமான ஒற்றையடித் தடம், பாதையோரம் ஆவாரம்பூ என்று இருந்தால், இது கவனிக்காமல் விட்ட புதர் அல்ல, வேண்டுமென்றே வளர்த்த புதர் என்று பார்ப்பவருக்கு விளங்கும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் தேங்கவில்லை என்று காட்டுங்கள்.

ஒரு நோட்டில் தேதியும் கண்டதும் எழுதி வாருங்கள். ஐப்பசியில் வடக்கிலிருந்து களைத்து வந்து புதருக்குள் இறங்கும் ஆறுமணிக்குருவியை ஒரு நாள் பார்த்தாலும் அது குறிப்புக்குரியது. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் தோட்டத்துப் பட்டியலையும் சேர்க்கலாம். கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும்.

எதையும் பிடித்துக் கொண்டுவந்து விடாதீர்கள். நட்சத்திர ஆமையை வேறு இடத்திலிருந்து எடுப்பதும், கிளிக்குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடும்புக்கும் மயிலுக்கும் அதே சட்டம்தான். அடிபட்ட பறவையையோ ஆமையையோ கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வாயில் தண்ணீரை ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். கீழே விழுந்த குஞ்சுக்குச் சிறகு முளைத்திருந்தால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும்.